அக்கா நின்ற ஜாமீன்

உங்கள் மேசைமேல் இருக்கிற அந்த இருமல் மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள் ஐயா. வெறும் வயிற்றில் குடித்தால் கண்ணைச் சொக்கும். புட்டியைப் பார்த்தாலே தெரிகிறது, மூடியில் அளக்காமல் அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்கிறீர்கள். படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். இத்தனை காலமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், இருமல் மருந்தை அளந்து குடித்த ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

யாராவது மிரட்டி அனுப்பினார்களா என்று கேட்டீர்கள். என்னை மிரட்ட இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும். நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பும், நன்றாக யோசியுங்கள் என்று வெளியே உட்காரவும் வைத்தீர்கள். நான் யோசித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். போலீசிடம் சொன்னால் செல்லாது, மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால்தான் செல்லும் என்று கேள்விப்பட்டு நேராக இங்கே வந்தேன். இந்தத் தட்டச்சுக்காரருக்காக நிறுத்தி நிறுத்தி, எழுத்தில் இருப்பதுபோலவே சொல்கிறேன். பேச்சு வழக்கில் விட்டால் அவர் தன் இஷ்டத்துக்கு அடித்துவிடுவார்.

என் தங்கை பெண்கள் சிறையில் இருக்கிறாள். புருஷனைக் கொன்றதாக ஆயுள் தண்டனை. அதை எதிர்த்து அவள் செய்த மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நடுவில் தண்டனையை நிறுத்திவைத்து அவளை ஜாமீனில் விட்டார்கள். ஜாமீன் நின்றது நான். பிறகு ஜாமீனை ரத்து செய்து மறுபடி உள்ளே அனுப்பினார்கள். அதற்கும் காரணம் நான்தான். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அம்மா இறந்தபோது அவள் கைக்குழந்தை. அப்பாவுக்குக் கடைதான் உலகம். வீட்டில் அவளுக்கு அம்மா, அப்பா, வாத்தியார் எல்லாம் நான். சோறு ஊட்டியது நான், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது நான், தினமும் தலைசீவிப் பின்னிவிட்டதும் நான். எனக்கும் இரண்டு வரன் வந்தது. தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றதும் முகத்தைச் சுளித்தார்கள். போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அப்பாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்தது. அவள் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே இது இன்ன மாத்திரை என்று சொல்லிவிடுவாள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பிற்பாடு அரசு வக்கீல் அதை வைத்தே அவளைக் கட்டிப்போட்டார். "மருந்து தெரிந்த கை" என்று கோர்ட்டில் நீட்டி முழக்கினார். அந்த வக்கீலுக்குத் தன் ரத்த அழுத்த மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது. எங்கள் கடையில்தான் வாங்குவார்.

அவள் புருஷன் எதிர்த்த ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவர். தலைவலி மாத்திரை கேட்டுக் கடைக்கு வந்து, லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று அவளுக்கு விளக்கினார். மேலே போகும், கீழே வரும். இதில் விளக்க என்ன இருக்கிறது? அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்த மனிதருக்கு நாள் தவறாமல் தலைவலி வந்தது.

கல்யாணத்தை நான்தான் நடத்தி வைத்தேன். குறுக்கே நின்றேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். காலையில் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு அவள் கடைக்கு வந்துவிடுவாள். சாயங்காலம் வரை என்னோடுதான். அவருக்கு இதயத்துடிப்பில் ஏதோ கோளாறு, தினம் காலையில் ஒரு மாத்திரை. ஆள் பார்க்க மரக்கட்டை மாதிரி இருப்பார். ஆனால் அந்த மாத்திரையை அவள் எடுத்துக் கையில் கொடுத்தால்தான் போட்டுக்கொள்வார்.

இப்படியே போயிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, கம்பெனியில என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். "ப்ரமோஷன். அங்க எல்லாம் முப்பது மாடி, நாப்பது மாடிக் கட்டடம்."

"அவ?" என்று கேட்டேன்.

"அவளும்தான். பொண்டாட்டிய இங்க விட்டுட்டா போவாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருத்தி வளர்த்த பிள்ளையை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகிறோமே என்கிற எண்ணம் அந்த முகத்தில் துளியாவது இருந்திருக்க வேண்டும். இல்லை.

அவளும் முதலில் முரண்டு பிடித்தாள். "நான் வரமாட்டேன், வரவே மாட்டேன்" என்று அவள் கத்தியது அக்கம்பக்கம் எல்லாம் கேட்டது. என்னை விட்டுப் போக மாட்டேன் என்று கத்தினாள் ஐயா. அக்கம்பக்கத்தார் அதில் பாதியைக் கேட்டுவிட்டுப் புருஷன் பெண்டாட்டிக்குள் ஆகாது என்று சாட்சி சொன்னார்கள். ஒட்டுக்கேட்பதையாவது முழுசாகக் கேட்கக்கூடாதா? பிறகு அவர் எப்படியோ பேசி அவளைக் கரைத்துவிட்டார். அடுத்த வாரம் பார்க்கிறேன், பாத்திரத்தை எல்லாம் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பெட்டிகள் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் காலை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

நோய்க்கார மனிதர், போய்விட்டார் என்று விட்டிருக்கலாம். வயதான டாக்டர் யாராவது இருந்திருந்தால் விட்டிருப்பார். அன்றைக்கென்று வேலை செய்கிற ஒரு டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்து தொலைத்தார். ரத்தத்தை எடுத்து அனுப்பினார். லிஃப்ட்காரர் சாப்பிட வேண்டிய மாத்திரை அதில் இல்லை, வேறொன்று இருந்தது. கொடுத்தது யார்? பெண்டாட்டி. மருந்து தெரிந்தவளா? தெரிந்தவள். சண்டை இருந்ததா? இருந்தது. அவ்வளவுதான், மூன்று கேள்வியில் விசாரணையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். உங்கள் கடையில் அந்த மருந்து உண்டா என்றார்கள். உண்டு என்றேன். உங்கள் தங்கை அதை எடுக்க முடியுமா என்றார்கள். முடியும் என்றேன். எடுத்ததைப் பார்த்தீர்களா என்றார்கள். பார்க்கவில்லை என்றேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. அத்தனை கறுப்புக் கோட்டு இருந்த அறையில் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்க ஓர் ஆளுக்குத் தோன்றவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்ல முடியும்?

தீர்ப்பு வந்த அன்றைக்கு அவள் அழவில்லை. அழுதது நான். அவளை வண்டியில் ஏற்றும்போது பின்னல் அவிழ்ந்து கிடந்தது. அதைப் பின்னிவிடப் போலீஸ்காரர்கள் விடவில்லை.

எங்கள் வக்கீல் பழுத்த கிழவர். பேசும்போதே பாதியில் தூங்கிவிடுவார். ஆனால் அவர்தான் அந்த வழியைச் சொன்னார்.

"அப்பீல் போட்டாச்சும்மா. அது விசாரணைக்கு வர வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் தண்டனைய நிறுத்திவெச்சு ஜாமீன்ல விடுங்கன்னு கேக்கலாம்."

"நிறுத்திவெச்சான்னா? விடுதலையா?"

"இல்லம்மா. தண்டனை அப்படியேதான் இருக்கும். இப்போதைக்கு அனுபவிக்க வேணாம், அவ்ளோதான். யாராவது ஜாமீன் நிக்கணும். அவங்க வீட்லதான் தங்கணும்."

எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் இது உடனே புரிந்தது. பொங்குகிற பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பதுதான். அடுப்பும் அணைவதில்லை, பாலும் பொங்குவதில்லை. யார் வீட்டில் இறக்கி வைப்பது என்பதுதான் கேள்வி. "நான் நிக்கறேன்" என்றேன். வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தேன். மேல்முறையீடு சீக்கிரம் விசாரணைக்கு வராது, அதுவரை ஒரு பெண்ணை உள்ளே வைத்திருப்பது நியாயமில்லை என்று நீதிபதி எழுதினார். தங்கள் தாமதத்தைத் தாங்களே காரணமாகக் காட்டி ஒரு ஆளை வெளியே விடுகிற தொழில் உலகத்தில் உங்கள் தொழில் ஒன்றுதான். எனக்கு வசதியாக இருந்தது, குறை சொல்லவில்லை.

மூன்று நிபந்தனை போட்டார்கள். என் வீட்டில் தங்க வேண்டும். திங்கள்கிழமைதோறும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டைக் கேட்காமல் ஊரைத் தாண்டக்கூடாது.

அவள் வீட்டுக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தட்டைக் கழுவி, துடைத்து, சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். போர்வையை நாலாக மடித்துக் காலடியில் வைத்தாள். குளியலறைக்குப் போக எழுந்தவள் என்னிடம் வந்து, "போகட்டுமா அக்கா?" என்று கேட்டாள். எதற்கும் என்னைக் கேட்டுவிட்டுப் போ என்று எத்தனை வருடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டதே இல்லை. சிறைச்சாலை என்றால் எல்லோரும் என்னவோ சொல்கிறார்கள், சில நல்ல பழக்கமும் வருகிறது.

அந்தக் காலம்தான் என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த காலம். காலையில் தலைசீவிவிடுவேன். இரண்டு பேரும் கடைக்குப் போவோம். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வருவோம். அவளுக்கென்று பேசப் பெரிதாக ஒன்றும் இல்லை, நான் பேசுவேன். திங்கள்கிழமை காவல் நிலையத்துக்குக்கூட நான்தான் கூட்டிப்போவேன். அவள் உள்ளே கையெழுத்துப் போடும்வரை வாசலில் நிற்பேன்.

நிபந்தனைகளை அவள் காதில் வாங்கவே இல்லை. கோர்ட் என்றாலே அவளுக்கு அவ்வளவு பயம். நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். பழைய சிநேகிதிகளோடு பேசக்கூடாது. சொந்தமாகப் போன் வைத்துக்கொள்ளக்கூடாது. ஜாமீன்தாரர் இல்லாமல் தெருவில் நடக்கக்கூடாது. கேட்டால், "கோர்ட் சொல்லியிருக்கு" என்பேன். அதற்குமேல் பேச மாட்டாள். நீதிபதிகள் மேலே மேலே படித்தவர்கள்தான், ஆனால் ஒரு வீட்டில் ஒரு பெண்ணை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் விட்டதை நான் நிரப்பினேன்.

மேல்முறையீட்டையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். விசாரணைக்கு வரும்போலத் தெரிந்தால் கிழவரிடம் போய், "இப்ப வேணாம், அவளுக்கு உடம்பு சரியில்ல" என்பேன். அவர் சந்தோஷமாக வாய்தா வாங்கிவிடுவார். வாய்தா வாங்குவதில் அவருக்கு இணை கிடையாது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் முழித்திருப்பார்.

பிறகு கண்ணாடிக்காரர் வந்தார். எங்கள் கடைக்கு அடுத்த கடையை எடுத்து மூக்குக்கண்ணாடிக் கடை போட்டார். பெண்டாட்டி இல்லாதவர், பிள்ளை குட்டி கிடையாது, பேச்சும் குறைவு. ஒரு மனிதர், இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா என்று கேட்டே ஆயுசை ஓட்டுகிறார். அதற்கு ஒரு வெள்ளைக் கோட்டு வேறு. அவள் மருந்துப் பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பதைப் பார்த்துவிட்டார்.

"கண்ணு மங்கியிருக்கேம்மா. வந்து உக்காருங்க, பாத்துடலாம்."

"கோர்ட்ல கேக்கணுமே" என்றாள் அவள். நிஜமாகத்தான் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்கும். பலகையையும் பெட்டியையும் எங்கள் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். கண்ணாடி வந்த அன்று அவள் அதைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தாள். "அக்கா, அந்த மரத்துல இலை தனித்தனியா தெரியுதுக்கா" என்று சிரித்தாள். சிறையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து வரவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை எனக்குக் கடையில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் நான் சரி என்றதால் கண்ணாடிக்காரர் அவளைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருக்கிற ஏட்டம்மாவுக்கு வாய் ஜாஸ்தி.

"என்னம்மா, இன்னிக்கு அக்கா வரலையா? நீங்க தனியாவே வரலாமே."

"கோர்ட் அனுமதிக்காதும்மா."

"யாரு சொன்னா? வாராவாரம் கையெழுத்து, ஊரைத் தாண்டக்கூடாது, அக்கா வீட்ல தங்கணும். அவ்ளோதான். ஊருக்குள்ள நீங்க எங்க வேணாப் போலாம், யார்கூட வேணாப் பேசலாம். சினிமாக்குக்கூடப் போலாம்மா."

இதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். கத்தவில்லை. கல்லாவுக்கு முன்னால் வாடிக்கையாளர் மாதிரி நின்றுகொண்டு சொன்னாள்.

"கோர்ட் அப்படியெல்லாம் சொல்லலையாமேக்கா."

"நான் சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடி வந்ததிலிருந்து இப்படி ஒரு பார்வை. பிறகு, "அப்பீல் முடியட்டும்க்கா. முடிஞ்சதும் நான் போயிடறேன்" என்றாள். எங்கே என்று கேட்டேன். கண்ணாடிக்காரருக்கு வேறோர் ஊரில் அண்ணன் கடை இருக்கிறதாம். மறுபடியும் வேறு ஊர். பெட்டி, பாத்திரம், செய்தித்தாள். இந்த ஆண்களுக்கு எல்லாம் ஏன் இருக்கிற ஊரில் இருக்கத் தெரிவதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவளே வக்கீலிடம் போனாள். அங்கே கிழவர் தூக்கக் கலக்கத்தில் வாய்தா விஷயத்தை உளறிவிட்டார். "உங்க அக்காதானம்மா வேணாம்னாங்க" என்று. அன்றிலிருந்து அவள் என்னிடம் தலையைக் கொடுக்கவில்லை, தானே சீவிக்கொண்டாள். மேல்முறையீட்டைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி மனுப் போட்டாள். கோர்ட்டும் எடுப்பதாகச் சொல்லிவிட்டது. இத்தனை காலம் தூங்கியவர்கள் அவள் கேட்டதும் முழித்துக்கொண்டார்கள். "சாட்சியெல்லாம் வெறும் காத்தும்மா, கண்டிப்பா விடுதலைதான்" என்று கிழவர் எனக்கே போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்.

விடுதலை. அந்த வார்த்தையை எல்லோரும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். யாரிடமிருந்து என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். திங்கட்கிழமைக் கையெழுத்து ஒன்றிரண்டு தப்பினால் கோர்ட் கூப்பிட்டு விசாரிக்கும். ஜாமீன்தாரர் என்ற முறையில் என்னைக் கேட்கும். கொஞ்சம் அடங்க மாட்டேன் என்கிறாள் என்று நான் வருத்தமாகச் சொல்வேன். இனி இவளை வாசல் தாண்ட விடாதீர்கள், முழுப் பொறுப்பும் உங்களுடையது என்று அவர்கள் நிபந்தனையை இறுக்குவார்கள். நான் வாயால் சேர்த்ததை எல்லாம் அவர்களே முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். விசாரணையும் தள்ளிப்போகும்.

திங்கட்கிழமை காலைக் காப்பியில் கொஞ்சமாகத்தான் போட்டேன். ஆஸ்பத்திரியில் கிழவிகளுக்குக் கொடுக்கிற தூக்க மருந்துதான், ஆபத்து இல்லாதது. மதியம் வரை தூங்குவாள். எழுந்ததும் அலறியடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடுவாள். ஏட்டம்மா முதல் தடவை விட்டுக்கொடுத்தாள், இரண்டாம் தடவை திட்டினாள், பிறகு மேலே எழுதிவிட்டாள். "திங்கக்கெழமை ஆனா எனக்கு என்னதான் ஆகுதுன்னு தெரியலக்கா. நீ எழுப்பிவிடக்கூடாதா?" என்று அவள் என்னிடமே அழுதாள். எழுப்பினேன், நீ எழுந்திருக்கவில்லை என்றேன். பாவம், தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தூங்கும்போது நிம்மதியாகத் தலைசீவிவிட்டேன், அது ஒன்று.

அரசு தரப்பு ஜாமீனை ரத்து செய்யக் கேட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான ஜாமீன்? ஏன் இவங்க கையெழுத்துப் போட வர்றதில்ல?"

"என் பேச்சக் கேக்கறதில்லைங்க ஐயா. நீங்க கொஞ்சம் கண்டிப்பாச் சொன்னீங்கன்னா கேப்பா."

"கண்டிப்பாவே சொல்லிடறேன்" என்றார். ஜாமீன் ரத்து, இப்போதே காவலில் எடுங்கள் என்றார். தலையைத் தூக்காமல் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று, நான் அப்படிக் கேட்கவில்லை என்று சொல்வதற்குள் அடுத்த வழக்கின் வக்கீல் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்துவிட்டார். இப்படி ஒரு மடத்தனத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பெண் போலீஸ் இரண்டு பேர் அவள் கையைப் பிடித்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"காப்பில என்ன போட்ட?"

மருந்துக்கடையில் வளர்ந்தவள், எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? அவள் முகத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு யோசனை போவது எனக்கு அப்படியே தெரிந்தது.

"அவருக்கும் நீதானா அக்கா?"

"கண்ணாடியைக் கழட்டிக் குடு. உள்ள ஒடச்சிடுவாங்க" என்றேன். அவள் கொடுக்கவில்லை. போட்டுக்கொண்டே போனாள்.

ஆமாம் ஐயா, நான்தான். தட்டச்சுக்காரரை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஓடட்டும். லிஃப்ட்காரரின் மாத்திரைப் புட்டியை மாதாமாதம் கடையில் நிரப்பிக் கொடுப்பது நான். ஒரே அளவு, ஒரே வெள்ளை. அந்த மாதம் வேறொன்றை நிரப்பிக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்தே மாத்திரையைச் சொல்கிறவள், அதை மட்டும் தொட்டுப் பார்க்காமல் அவர் கையில் கொட்டினாள். நான் கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அவளை மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் போய்விட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மட்டும்தான் நினைத்தேன். நடுவில் நீங்களெல்லாம் புகுந்து குட்டையைக் குழப்பிவிட்டீர்கள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். பார்வையாளர் நாள் தவறாமல் சிறை வாசலுக்குப் போகிறேன். காத்திருந்து பெயர் கொடுத்தால், காவல்காரி உள்ளே போய் வந்து, "பாக்க இஷ்டம் இல்லைங்கறாங்கம்மா" என்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. கண்ணாடிக்காரர் போனால் மட்டும் வந்து பார்க்கிறாள். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், அந்த மனிதர் கையில் பழத்தோடு என்னைத் தாண்டி உள்ளே போகிறார். எனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அவளுக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்குமா?

அதனால் விசாரித்தேன். பெண்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரே சிறைதான். தண்டனை பெற்றவர்கள், விசாரணைக்கு வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே முற்றம், ஒரே தண்ணீர்த் தொட்டி. உள்ளே இஷ்டம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாற்றுத்துணி கொண்டுவந்திருக்கிறேன். ஒரு சீப்பும் இருக்கிறது, மரச்சீப்பு, அனுமதிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இப்போது சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நான் இதில் கையெழுத்துப் போட்டால் அவள் வெளியே வந்துவிடுவாள், அதானே? மேல்முறையீடு முடிந்தால்தானே ஐயா வருவாள். அது நிலுவையில் இருக்கிறது. உங்கள் கோர்ட்டுகளை எனக்குத் தெரியாதா? அதற்குள் இந்த வாக்குமூலம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவே ஒரு மாமாங்கம் ஆகும். அதுவரை தண்டனையை மறுபடி நிறுத்திவைக்கக் கேட்கலாம்தான். கேட்டால் முதலில் என்ன சொல்வார்கள்? ஜாமீன்தாரரைக் கொண்டுவா என்பார்கள்.

உங்கள் தாழ்வாரத்தில் எங்கள் கிழட்டு வக்கீல் உட்கார்ந்திருக்கிறார். சிறையைப் பற்றி விசாரிக்க அவருக்குத்தான் போன் செய்தேன், வாய் சும்மா இருந்திருக்காது. அதிசயமாக முழித்திருக்கிறார். பக்கத்தில் கண்ணாடிக்காரர். கடையைப் பூட்டிவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, தன் வீட்டுப் பத்திரத்தை மடியில் வைத்தபடி காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். வேலை வெட்டி இல்லாதவர், எதற்கு வந்தார் என்றே தெரியவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள் ஐயா. அவள் எங்கேயும் போய்விட மாட்டாள். ஜாமீன் நிற்க அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?